ஆறுதல் இரைச்சல்

என் அக்காவுக்குப் பாம்புக்காது. பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவளோடு ஒரே அறையில் வளர்ந்தவளுக்குத்தான் அந்தத் தொல்லை தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் யாரோடு வந்தேன், எந்த முக்கில் நின்று கதையடித்தேன் என்பதையெல்லாம் செருப்புச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தத் தொல்லை மாமாவின் தலையில் விழுந்தது. மாமா தையல்காரர், வாயில்லாப் பூச்சி, உடம்பில் சர்க்கரை வேறு. சமையலறையில் அவர் சர்க்கரை டப்பாவின் மூடியை மெல்லத் திருகினால், குளியலறையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் அக்கா அங்கிருந்தே குரல் கொடுப்பாள்: "மூடுங்க." மாமா மூடிவிடுவார்.

பதினோரு வருடம் அவள் மின்சார மீட்டர் பார்த்தாள். வீடு, கடை, பட்டறை என்று இந்த ஊரில் அவள் நுழையாத சந்து கிடையாது. பட்டறைகளில் மீட்டர் பெரும்பாலும் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில்தான் இருக்கும். அதனால் எந்தச் சந்தில் எந்த மெஷின் எப்படிக் கத்தும் என்பது அவளுக்கு மனப்பாடம். பிறகு மீட்டர்களே தங்கள் எண்ணை அனுப்பிக்கொள்ளும் வசதி வந்தது. அவளை வேலையை விட்டு எடுக்கவில்லை, இடத்தை மாற்றினார்கள். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் காதில் ஹெட்போனை மாட்டி உட்காரவைத்தார்கள். எந்தப் புண்ணியவானோ தெரியாமல் செய்த சரியான காரியம் அது.

நான் நெட்வொர்க் வேலை பார்க்கிறவள். சுவரைத் துளைத்து கேபிள் இழுப்பது, பெட்டிகளை மாட்டுவது, இன்டர்நெட் வழியாகப் போன் பேசவைப்பது எல்லாம் என் பிழைப்பு. கம்பெனியில் எனக்குக் 'கம்பி' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. எனக்கு மூக்கு நுனியில் கோபம்.

அக்காவின் அறை இரண்டாவது மாடியில். ஆறு மேசை, மேசைக்கு இரண்டு திரை, சுவரில் பெரிய கடிகாரம். அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் மேற்பார்வையாளருக்கும் 'கடிகாரம்' என்றுதான் பெயர். எல்லாப் போனிலும் ஹோல்டு பொத்தானின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். உயிருக்குப் போராடுகிறவனைக் காத்திருக்கவைக்கக் கூடாது என்பது அந்த அறையின் முதல் சட்டம். பேசாத அழைப்புக்கும் ஒரு சட்டம் உண்டு. எடுத்தவுடன் எதிரில் பேச்சு வராவிட்டால் ஒரு நிமிடம் கேட்க வேண்டும். ஆபத்தின் அறிகுறி ஏதும் இல்லையென்றால் 'பேச்சில்லை' என்று பதிந்து மூடிவிட வேண்டும். சட்டைப் பையில் இருந்து தானாக அழுத்திக்கொண்ட போன், குழந்தை கையில் கிடைத்த போன் என்று தினமும் பத்து இருபது வரும். எல்லாவற்றுக்கும் வண்டி அனுப்ப முடியாது.

அந்த ஒரு நிமிடத்தில்தான் அக்கா யார் என்பது தெரியும். ஒருமுறை பேசாத அழைப்பு ஒன்றில் அடுப்பில் தண்ணீர் பொங்கி வழிகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அரை நிமிடமாக வழிகிறது, யாரும் அணைக்கவில்லை. "ஆள் விழுந்து கெடக்கு, வண்டி அனுப்புங்க சார்" என்றாள். அடுப்படியில் ஒருவர் மாரைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். பிழைத்தார். அன்றிலிருந்து அந்த அறையிலும் அவளுக்குப் பாம்புக்காது என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த அறையின் பழைய போன்களை எடுத்துவிட்டு இன்டர்நெட் போன் மாற்றும் வேலை எங்கள் கம்பெனிக்குக் கிடைத்தது. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அக்கா வேலை செய்யும் இடத்தில் என் கைவேலை இருக்கட்டுமே என்ற ஆசைதான். மாட்டிய முதல் வாரம் மானம் போயிற்று. அந்தக் கட்டடத்துக்கு வரும் இணைப்பை நான்கு அலுவலகங்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. நெரிசலில் அழைக்கிறவர்களின் குரல் துண்டு துண்டாக வந்தது. 'அப்பாவுக்கு நெஞ்சு வலி' என்பது 'அப்... நெ... லி' என்று வந்தால் என்ன செய்வது? கடிகாரம் என்னைக் கூப்பிட்டு நார்நாராகக் கிழித்தார்.

அப்போதுதான் போன்களின் செட்டிங்கில் அந்த ஒரு வரியை மாற்றினேன்.

இன்டர்நெட் போனில் குரல் சின்னச் சின்னப் பொட்டலமாகப் போகும். யாரும் பேசாத நேரத்திலும் பொட்டலம் போய்க்கொண்டே இருக்கும். அந்த வெட்டிப் பொட்டலங்களை நிறுத்தினால் நெரிசல் பாதியாகக் குறையும். அழைப்பு தொடங்கும்போதே இரண்டு முனைப் பெட்டிகளும் இதைப் பேசி முடிவு செய்துகொள்ளும்: 'உன் பக்கம் பேச்சில்லையென்றால் எதையும் அனுப்பாதே. கேட்கிறவர் போன் செத்துவிட்டது என்று பயந்துவிடாமல் இருக்க, நான் இங்கேயே ஒரு மெல்லிய இரைச்சலைப் போட்டுக்கொள்கிறேன்.' அந்தப் பொய் இரைச்சலுக்கு எங்கள் தொழிலில் ஆறுதல் இரைச்சல் என்று பெயர். நான் வைத்த பெயரில்லை, பொது வரையறையிலேயே இருக்கிற பெயர்.

பொது வரையறை என்பது ஒரு தாள். ஒன்றுக்கொன்று ஆகாத கம்பெனிகளின் ஆட்கள் உட்கார்ந்து, சண்டை போட்டு, எழுதி, யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளுங்கள் என்று வெளியே வைத்துவிடுகிற தாள். அதனால்தான் யாரோ செய்த பெட்டி இன்னொருவர் செய்த பெட்டியோடு பேசுகிறது. அதில் வார்த்தைக்கு எடை உண்டு. 'கட்டாயம்' என்றால் மீறக் கூடாது. 'செய்வது நல்லது' என்றால் தக்க காரணம் இருந்தால் விட்டுவிடலாம். 'செய்யலாம்' என்றால் உங்கள் இஷ்டம். எனக்கு இந்தத் தாள்கள் மேல் ஒரு பைத்தியம். மனுஷங்க பேச்சைவிட இது நேர்மையாக இருக்கிறது என்று மாமாவிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தார்.

வரியை மாற்றிய மறுநாளே குரல்கள் கண்ணாடியாக வந்தன. கடிகாரம் என் முதுகில் தட்டினார். அக்கா மட்டும் சாயங்காலம் வீட்டில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள்.

"பின்னாடி இருக்கறது ஒண்ணும் கேக்கலடி."

"முன்னாடி இருக்கறது நல்லா கேக்குதுல்ல? அதுக்கு சந்தோஷப்படேன்."

"பேச்சு நின்னா காத்து மாதிரி ஒண்ணு வருது. எல்லார் வீட்லயும் ஒரே காத்தா அடிக்குது?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை அறையில் எல்லாரும் இருக்கும்போது சொன்னாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒண்ணுமில்ல சார், அக்காவுக்குப் பழைய போன் மேல பாசம்" என்று கடிகாரத்திடம் சொன்னேன். அறையே சிரித்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த வரியை மாற்றிய இருபத்து மூன்றாம் நாள், மதியம். அக்காவின் மேசைக்கு அடியில் தளர்ந்துபோன ஒரு சாக்கெட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடத்துக்கு அவள் போன் அடித்தது. நேரம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு நிமிடத்தையும் கடிகாரம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆம்புலன்ஸ். சொல்லுங்க." பிறகு அக்காவின் குரல் மாறியது. "எது கொட்டிச்சு? குளவியா? எங்கம்மா கொட்டிச்சு? கழுத்துலயா? எங்க இருக்கீங்க, இடத்தைச் சொல்லுங்க... ஷெட்டா? எந்த ஷெட்? அம்மா? அம்மா?"

நான் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். ஒவ்வொரு மேசையிலும் மேற்பார்வைக்காக இரண்டாவது ஹெட்போன் உண்டு. அக்கா திரும்பிப் பார்க்காமலே அதை எடுத்து என் கையில் திணித்தாள். மாட்டினேன். உஸ்ஸென்று நான் போட்ட காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"பொம்பளை. தனியா இருக்கா. ஒரே குளவி, கழுத்துல. தொண்டை அடைச்சுக்கிட்டே வருது, ஷெட்டுன்னு ஒரு வார்த்தை சொன்னா, அதோட குரல் போயிடுச்சு" என்றாள் அக்கா. சிலருக்கு அப்படி ஆகும். ஒரு கொட்டிலேயே தொண்டை வீங்கி மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளும். ஊசி போட்டால் பிழைத்துவிடுவார்கள். போட ஆள் போய்ச் சேர வேண்டும்.

"பத்து நிமிஷம் தாங்குவாங்க. அதிகபட்சம் பதினஞ்சு" என்றார் கடிகாரம்.

திரையில் முகவரி இருந்தது. ஊரின் வடக்குப் பக்கம், மூன்றாவது மாடியில் ஓர் அலுவலகம். வண்டி ஏற்கனவே கிளம்பியிருந்தது. அக்கா மட்டும் தலையை ஆட்டினாள். "மூணாவது மாடியில ஷெட் எங்கடி இருக்கும்?"

இன்டர்நெட் போனில் இது ஒரு பெரிய ஓட்டை. போனைக் கழற்றி எந்த ஊரில் எந்தச் சுவரில் சொருகினாலும் அதே எண் வேலை செய்யும். வாங்கும்போது எழுதிக்கொடுத்த முகவரிதான் எங்கள் திரையில் வரும். இடம் மாறினால் முகவரியை மாற்றிக் கொடுங்கள் என்று எல்லாரும் சொல்லுவார்கள், எவனும் செய்வதில்லை.

இரண்டு நாற்பத்தாறுக்கு வண்டிக்காரர் கூப்பிட்டார். "இங்க பூட்டிக் கெடக்கு. வாட்ச்மேன்கிட்ட கேட்டேன், அந்தக் கம்பெனி காலி பண்ணிட்டுப் போய் ரெண்டு மாசம் ஆச்சாம். எங்க போனாங்கன்னு தெரியாதாம்."

கடிகாரம் இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டு, இந்த இணைப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். எழுத்தில் அனுப்புங்கள், ஒரு மணி நேரத்தில் சொல்கிறோம் என்றார்கள். ஒரு மணி நேரமாம்! அவர் போனை வைத்த வேகத்தில் மேசை அதிர்ந்தது.

அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். "கண்ணு, நான் இங்கதான் இருக்கேன். பேச வேண்டாம். நான் சொல்றது கேட்டா போனை ஒரு தட்டுத் தட்டு." காத்திருந்தாள். "தட்டும்மா." உஸ்ஸென்ற காற்று. பெண் மயங்கிவிட்டாளா, அல்லது தட்டினாளா, தட்டியது பேச்சில்லை என்று அந்தப் பெட்டி அதைத் தின்றுவிட்டதா? யாருக்குத் தெரியும்?

அக்கா என் பக்கம் திரும்பினாள். அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை.

"உன் காத்தை நிறுத்துடி."

"அக்கா..."

"இதுக்குப் பின்னாடி ஒரு எடம் இருக்கு. அந்த எடம் எனக்குக் கேக்கணும். நிறுத்து!"

லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டு தடவை பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தேன். அக்காவின் மேசைக்கு மட்டும் அந்த வரியை மாற்றினேன். 'மௌனத்தையும் அனுப்பு' என்பதுதான் இப்போது அதன் பொருள். ஆனால் அது அடுத்த அழைப்புக்குத்தான் செல்லும். இந்த அழைப்புக்கான உடன்பாடு தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. நடுவில் மாற்ற வேண்டுமென்றால் இரண்டு பெட்டிகளும் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும். அவற்றை மறுபடி பேசவைக்க எனக்குத் தெரிந்து அங்கே ஒரே வழிதான் இருந்தது. ஹோல்டு போட்டு எடுப்பது.

சொன்னேன். அக்காவின் கண் அந்தக் கறுப்பு டேப்பின் மேல் போயிற்று.

"ஹோல்டு போட்டா கட் ஆயிடுமா?"

"ஆகலாம். சில பெட்டி அப்படிப் பண்ணும்."

"ஆகாமலும் இருக்கலாமா?"

"இருக்கலாம்."

"என்னடி பேச்சு இது! ஆகுமா, ஆகாதா?"

"எனக்குத் தெரியலக்கா! அங்க எவன் செஞ்ச பெட்டி இருக்குன்னே தெரியல!" என்று கத்திவிட்டேன். திரையில் எதிர்முனைப் பெட்டியின் பெயர் இருந்தது. நான் கேள்விப்பட்டதே இல்லாத கம்பெனி. அதைச் செய்தவன் எந்த நாட்டுக்காரனோ. நான் படித்த அதே தாளை அவனும் படித்திருக்க வேண்டும், படித்தபடி செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் கையில் இருந்த நம்பிக்கை. நடுவில் உடன்பாட்டை மாற்றினால் எதிர்முனை கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று இருந்ததா? அந்த வரியில் இருந்த வார்த்தை 'கட்டாயம்'தானா, 'செய்வது நல்லது'தானா? நூறு தடவை படித்த தாள். அந்த நொடியில் சத்தியமாக எனக்கு ஞாபகம் வரவில்லை.

"ரெண்டு நாப்பத்தெட்டு" என்றார் கடிகாரம். அவருக்கும் வியர்த்திருந்தது. "எழுத்துல அனுமதி இல்லாம மாத்தக் கூடாதும்மா." அடுத்த மூச்சிலேயே, "மாத்து, நான் பார்த்துக்கறேன்" என்றார்.

அக்கா டேப்பை நகத்தால் கிள்ளினாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிய்த்து எறிந்தாள். மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டாள். "கண்ணு, ரெண்டே ரெண்டு நொடி என் குரல் கேக்காது. நான் போகல. சரியா? நான் உன்னை விட்டுட்டுப் போகல. போனை வெச்சுடாத." கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

காற்று நின்றது. எதுவுமே இல்லை. பொய்க் காற்றுகூட இல்லை. ஒன்று எண்ணினேன், இரண்டு எண்ணினேன். அக்கா மறுபடி அழுத்தினாள். மூன்று. நான்கு. போச்சு, கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அக்காவின் தோளைப் பிடித்திருந்த என் விரல்கள் அவள் சட்டையை முறுக்கிக்கொண்டிருந்தன.

கிறீச்சென்று ஒரு சத்தம் காதைத் துளைத்தது. ஏதோ மெஷின், தூரத்தில். அதற்கு முன்னால், மிக அருகில், விசில் அடிப்பதுபோல் இழுத்து இழுத்து ஒரு மூச்சு. உயிரோடு இருந்தாள். அந்தப் பெயர் தெரியாத கம்பெனிக்காரனுக்குக் கோடிப் புண்ணியம், தாளைப் படித்திருக்கிறான்!

"எல்லாரும் வாயை மூடுங்க" என்றாள் அக்கா. யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கல்லு அறுக்கற பிளேடு. தண்ணி விட்டு அறுக்கறாங்க." நின்றாள். "ஊர்ல ஒன்பது எடத்துல இருக்கு." மெஷின் சட்டென்று ஓய்ந்தது. அந்த ஓய்வில் எங்கோ ஒரு ஒலிபெருக்கி மூக்கால் பேசியது. எனக்கு அது வெறும் கரகரப்பு. அக்கா உதட்டை அசைத்து அதைத் திரும்பச் சொன்னாள். "எண்பத்தி நாலு... கவுண்டர் மூணு."

கண்ணைத் திறந்தாள்.

"வண்டிப் பதிவு ஆபீஸ். டோக்கன் கூப்பிடறான். அதுக்குப் பின்பக்கச் சந்துல கல்லுப் பட்டறை, அதுக்கு எதிர்ல மூணு ஷெட் வரிசையா இருக்கு. அந்தச் சந்துக்கு வண்டியை அனுப்புங்க சார்!"

கடிகாரம் ஏற்கனவே கத்திக்கொண்டிருந்தார். அதிர்ஷ்டம், இன்னொரு வண்டி நாலு தெரு தள்ளித்தான் நின்றிருந்தது. அக்கா மறுபடி மைக்கில் குனிந்தாள். "கண்ணு, வந்துட்டாங்க. மூணு ஷெட்ல எதுன்னு மட்டும் சொல்லிடு. மர ஷெட்டா? ஆமான்னா தட்டு." மூச்சு இழுத்தது. தட்டு இல்லை. "டயர் ஷெட்டா?" இல்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. "அட்டைப்பெட்டி ஷெட்டா?"

டொக்.

அத்தனை சின்னச் சத்தம். நகம் பட்டதுபோல. என் பொய்க் காற்று நின்றிருக்காவிட்டால் அது எங்கள் காதுக்கு வந்தே இருக்காது.

இரண்டு ஐம்பத்தைந்துக்கு ஷட்டர் மேலே ஏறுகிற சத்தம் கேட்டது. ஓட்டம், ஷூ, ஏதோ பெட்டி திறக்கிற சத்தம், "அம்மா, ஊசி போடறேன்" என்று ஓர் ஆண் குரல். பிறகு நெடுநேரம் அந்த விசில் மூச்சு மட்டும். அதுவும் நின்றது. அக்கா என் கையை நசுக்கினாள். பிறகு ஓர் இருமல், இன்னோர் இருமல், தொடர்ந்து ஒரு பெரிய அழுகை. அந்த ஆள் போனை எடுத்து, "மூச்சு வந்துடுச்சுக்கா, கூட்டிட்டுப் போறோம்" என்றார்.

அறையில் கைதட்டினார்கள். கடிகாரம் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நான் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அக்கா அழவில்லை. தண்ணீரைக் குடிக்கவும் இல்லை. ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் காத்து எத்தனை நாளா அடிக்குது?"

"இருபத்தி மூணு."

"இந்த இருபத்தி மூணு நாள்ல பேச்சில்லைன்னு மூடினது எத்தனை?"

கைதட்டல் நின்றுவிட்டது.

கடிகாரம்தான் பட்டியலை எடுத்தார். ஆறு மேசையும் சேர்த்து இருநூற்று எண்பத்து ஆறு. மூடியவுடன் அந்த எண்ணுக்கு ஒருமுறை திரும்ப அழைப்பது வழக்கம். பெரும்பாலும் யாராவது எடுத்து, தெரியாமல் பட்டுவிட்டது என்று மன்னிப்புக் கேட்பார்கள். அப்படி எடுக்காதவை பதினொன்று. அந்தப் பதினொன்றில் நான்கு அக்கா மூடியவை. அவள் விரல் அந்த நான்கு வரிகளின் மேல் ஒவ்வொன்றாக நின்று நகர்ந்தது.

அன்று மாலைக்குள் எல்லா மேசையிலும் அந்த வரியை எடுத்தேன். நெரிசலுக்கு அந்த அறைக்குத் தனி இணைப்பு வேண்டும் என்று கடிகாரமும் நானும் கையெழுத்துப் போட்டு எழுதினோம். முதல் நாளே அதைத்தான் செய்திருக்க வேண்டும். மறுநாள் காலை அக்காவின் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அந்தப் பதினொரு எண்களையும் நான் கூப்பிட ஆரம்பித்தேன். யாரும் சொல்லவில்லை. வேறு யார் கூப்பிடுவார்கள்?

முதல் எண்ணில் ஒரு பெண், பேரன் விளையாடினான் என்று சிரித்தாள். இரண்டாவது ஆள் காலையிலேயே என்ன தொந்தரவு என்று திட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக யாரோ திட்டியதில் எனக்குச் சந்தோஷம் வந்தது. இன்னும் திட்டுங்கள் என்று சொல்லலாம் போலிருந்தது. மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொருவரும் உயிரோடு, சலிப்போடு, அவசரத்தோடு பேசினார்கள். ஒவ்வொன்றையும் பட்டியலில் அடித்துவிட்டு அக்காவுக்குக் காட்டினேன். பத்து முடிந்தபோது அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியிருந்தது.

பதினொன்றாவது அக்கா மூடியது. பன்னிரண்டு நாளுக்கு முன், ஒரு வீட்டு எண். அன்று திரும்ப அழைத்தபோது லைன் பிஸி என்று வந்திருக்கிறது.

ஓர் ஆண் எடுத்தார். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேசுகிறேன், பன்னிரண்டு நாளுக்கு முன் காலை பத்தே காலுக்கு இந்த எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது, எல்லாரும் நலம்தானா என்று மற்றவர்களிடம் கேட்டதுபோலவே கேட்டேன்.

அவருக்குப் பின்னால் காலி அறையில் வருகிற எதிரொலி கேட்டது. யாரோ சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு அம்மா மட்டும்தான் வீட்ல இருந்தாங்க" என்றார். "சாயங்காலம் வந்து பார்த்தேன். தூக்கத்துலயே போயிட்டாங்க, கஷ்டமே பட்டிருக்க மாட்டாங்கன்னு டாக்டர் சொன்னாரு. ரிசீவர் கீழ கெடந்துச்சு. கை பட்டு விழுந்திருக்கும்னு நெனச்சேன்." பின்னால் அடுக்குகிற சத்தம் நின்றது. "கூப்பிட்டாங்களா? அம்மா உங்களைக் கூப்பிட்டாங்களா?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். தப்பான எண் என்று சொல்லி வைத்திருந்தால், கஷ்டப்படாமல் போன அம்மா அவருக்கு மிஞ்சியிருப்பாள். என் வாய்தான் எப்போதும் புத்திக்கு முன்னால் ஓடுகிற வாயாயிற்றே.

"கூப்பிட்டாங்க" என்றேன்.

"என்ன சொன்னாங்க?"

அக்கா தன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு நிமிடம் முழுக்க அவள் அந்த அழைப்பைக் கேட்டிருக்கிறாள். அந்த நிமிடத்தில் அந்த வீட்டில் என்ன சத்தம் இருந்தது, மூச்சா, முனகலா, கட்டில் விளிம்பில் ஒரு தட்டா, அது இந்த உலகத்தில் யாருக்கும் இனிமேல் தெரியப்போவதில்லை.

"எங்களுக்குக் கேக்கல சார்" என்றேன். "கேட்டிருக்கணும். என் அக்கா கேட்டிருப்பா. நான்தான் கேக்க விடாம பண்ணிட்டேன்."